எட்டு சிலிண்டர் தள்ளுவண்டி

என் மனைவியின் காரை நான் ஒரு நாளும் ஓட்டியதில்லை. தள்ளியிருக்கிறேன். வெயிலில் தள்ளியிருக்கிறேன், தூறலில் தள்ளியிருக்கிறேன், கையுறைக்குள் விரல் விறைத்துப்போகும் மாதத்தில் பனிச்சேற்றிலும் தள்ளியிருக்கிறேன். ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் எங்கள் அடுக்குமாடிகளுக்குக் கீழே இருக்கும் பொதுக் கராஜுக்குள் பெட்ரோல் வேலை எதுவும் செய்யக் கூடாது என்பது விதி. அதனால் இன்ஜினை எழுப்பிப் பார்க்க அவளுக்குத் தோன்றும்போதெல்லாம் வண்டியை முற்றத்துக்குத் தள்ள வேண்டும். அது நின்று தொலைத்ததும் திரும்ப உள்ளே தள்ள வேண்டும். வெளியே போகும்போது லேசான இறக்கம். உள்ளே வரும்போது அதே அளவு ஏற்றம். எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஸ்டியரிங்கை அவள் பிடித்தால் மிச்ச வேலை யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

அது ஒரு பழைய அமெரிக்கக் காரின் உடம்பு. மட்கார்டு கிடையாது, பானெட் கிடையாது. இன்ஜின் வெட்கமே இல்லாமல் வெளியே தெரியும். அதுவும் அந்தக் காரோடு பிறந்த இன்ஜின் இல்லை. ஒரு தலைமுறை பிந்திப் பிறந்த எட்டு சிலிண்டர், அதன் தலைமேல் ஒரு கார்புரேட்டர். இப்படி உடம்பை ஓரிடத்திலும் உயிரை இன்னோரிடத்திலும் எடுத்துக் கட்டுகிற வண்டிக்கு ஹாட் ராட் என்று பெயராம். நான் வைத்த பெயர் தள்ளுவண்டி. முதல் தடவை அதைச் சொன்னபோது அவள் கையில் இருந்த ஸ்பானரை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் எதையாவது மெதுவாக வைத்தால் கோபம் என்று அர்த்தம். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

நான் திண்டுக்கல் பக்கம். ஒஸ்லோவில் ஓர் அலுவலகக் கேன்டீனில் சமையல் வேலை. அவள் யாழ்ப்பாணம், டி-பானே என்கிற சுரங்க ரயிலின் பணிமனையில் கதவுகளையும் பிரேக்குகளையும் பழுது பார்க்கிறவள். நார்வேஜியன் மொழி வகுப்பில் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். "இஞ்சாருங்கோ" என்று அவள் என்னை முதலில் கூப்பிட்டபோது இஞ்சி கேட்கிறாள் என்று நினைத்து, நான் சமையல்காரன் என்று எப்படிக் கண்டுபிடித்தாள் என வியந்துபோனேன். 'இங்கே பாருங்கள்' என்பதுதான் அது என்று பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் உண்டு. எனக்கு வடிவு என்றால் அழகு, அதோடு சரி. அவளுக்கு "வடிவாப் பூட்டுங்கோ" என்றால் பிசகில்லாமல், அசையாமல், திரும்ப ஒருதரம் பார்த்துப் பூட்டு என்று பொருள். வடிவாகச் செய்யாத எதையும் அவள் செய்ததாகவே கணக்கில் எடுப்பதில்லை.

அந்தக் கார் பக்கத்து ரொம்சோஸில் ஒருவரிடமிருந்து வந்தது. வந்தது என்றால் பெட்டி பெட்டியாக வந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விடுகிறாளே என்று எனக்கு ஆத்திரம்.

"இது எதுக்கும்மா நமக்கு?"

"விருப்பம்."

"விருப்பம்னா? ஒரு காரணம் வேண்டாமா?"

"உங்களுக்கு ஏன் என்னிலை விருப்பம் வந்தது எண்டு நான் எப்பவாவது காரணம் கேட்டனானே?"

போய்ப் பெட்டிகளைச் சுமந்தேன்.

உடம்பும் சக்கரமும் கூடி வந்த பிறகு, பெட்ரோல் போகும் பாதையை அவள் அமைக்கத் தொடங்கினாள். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் நான்தான் சொல்ல வேண்டும். பின்னால் டாங்க். டாங்குக்குப் பக்கத்தில், அதைவிடத் தாழ்வாக, மின்சாரப் பம்ப். ஏன் தாழ்வாக என்று கேட்டேன். அந்தப் பம்புக்குத் தள்ள நன்றாக வருமாம், உறிஞ்சி இழுக்க அவ்வளவாக வராதாம். "உங்களை மாதிரித்தான்" என்றாள். அங்கிருந்து வண்டியின் இரும்புச் சட்டத்தின் ஓரமாகவே ஓர் உலோகக் குழாய் முன்னால் வர வேண்டும். புகைபோக்கியின் பக்கம் போகக் கூடாது. சூடு பட்டால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். முதலில் ஒரு மெல்லிய கம்பியை எடுத்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பாதை முழுவதும் அந்தக் கம்பியை வளைத்துப் பார்த்தாள். பிறகு அதைப் பார்த்துக் குழாயை வளைத்தாள். முடிந்தபோது ஒரே ஒரு வளைவு, தரைப் பக்கமாக, யார் கண்ணிலும் படாத இடத்தில், கொஞ்சம் கோணியிருந்தது. முழுக் குழாயையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக் குழாய் எடுத்தாள்.

"அடியில கிடக்கிறத யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்திட்டன்" என்றாள்.

குழாயின் மறுமுனையில் ரெகுலேட்டர் என்று ஒன்று. பம்ப் தருகிற அழுத்தத்தைக் கார்புரேட்டர் தாங்காது. அதன் வாசலில் ஒரு சின்ன ஊசிதான் பெட்ரோலைத் தடுத்துப் பிடிக்கிறது; அழுத்தம் கூடினால் ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெட்ரோல் பொங்கி வழியும். அந்த அழுத்தத்தை அடக்குவதுதான் ரெகுலேட்டரின் வேலை. "அப்ப குக்கர் வெயிட் மாதிரியா?" என்றேன். "ஓம், கிட்டத்தட்ட" என்றாள். அந்தக் கிட்டத்தட்டவை வைத்துக்கொண்டு நான் கேன்டீனில் ஒரு வாரம் பெருமையடித்தேன்.

அதன் பிறகு, வண்டியை முற்றத்துக்குத் தள்ளி நிறுத்தி, மிதவை. கார்புரேட்டரின் வயிற்றில் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் ஒரு மிதவை. பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். கிண்ணத்தின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு திருகைக் கழற்றினால் சின்னத் துளை தெரியும். பெட்ரோல் அந்தத் துளையின் கீழ் விளிம்பை நனைக்க வேண்டும். வழியவும் கூடாது, இறங்கி நிற்கவும் கூடாது. அவள் மேலே ஒரு திருகை மயிரிழை திருப்புவாள். காத்திருப்பாள். தோளால் வண்டியை மெல்ல அசைப்பாள். குனிந்து பார்ப்பாள். மறுபடி ஒரு மயிரிழை. சாம்பாருக்கு உப்புப் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று திமிரோடு இருந்தவன் நான். அன்றைக்கு அந்தத் துளையின் ஓரத்தில் பெட்ரோல் மினுங்கிக்கொண்டு, விழாமல் நின்றதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே மயிர்க்கூச்செறிந்தது. அடேயப்பா, இவளையா நான் கட்டிக்கொண்டேன் என்று இருந்தது.

முதல் முறை முற்றத்தில் இன்ஜின் கிளம்பியபோது மாடி ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் வயிற்றில் கேட்டது. அவள் சிரிக்கவில்லை, தலையைச் சாய்த்து, குழந்தைக்கு மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பவளைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் இரண்டு கோப்பைத் தேநீர் கொண்டுவந்தேன். தேநீர் குடிக்கிற சூட்டுக்கு ஆறியது, இன்ஜின் இரண்டு தரம் இருமியது, நின்றுவிட்டது.

அன்றிலிருந்து அதுதான் கதை. கிளம்பும், அருமையாக ஓடும், தேநீர் ஆறும் நேரத்தில் நிற்கும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். வடிகட்டியை மாற்றினாள். பம்பை மாற்றினாள். குழாயில் சூடு படுகிறதோ என்று துணி சுற்றினாள். மின்கம்பிகள் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வெளித் தள்ளு, ஓர் உள் தள்ளு. "பொம்பளப் புள்ள மாதிரி செல்லம் குடுத்து உன்னக் கெடுத்து வச்சிருக்கா" என்று நான் வண்டியைத் திட்டினேன். அவள் திட்டவில்லை. இரும்போடு கோபித்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. அந்தக் கோபத்தையும் சேர்த்து என்னிடம்தான் வைத்திருந்தாள்.

வசந்தம் வந்தது. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவி பக்கத்து வாசலில் இருக்கும் நார்வேஜியப் பெண்மணி. நல்ல மனுஷி, எதையும் சிரித்த முகத்தோடுதான் மறுப்பார். அந்த வருஷ டுக்னாட் அன்று, அதாவது எல்லாக் குடும்பமும் இறங்கிக் கூட்டிப் பெருக்கிப் பொது வேலை செய்கிற சனிக்கிழமை அன்று, கராஜைக் கழுவிக் கோடுகளைப் புதிதாகப் போடப் போவதாகச் சொன்னார். காலையில் எல்லாக் கார்களும் வெளியே போக வேண்டும். சாயங்காலம் திரும்ப உள்ளே வரலாம். ஆனால் இடத்துக்குக் காத்திருப்பவர்கள் அதிகம். அதனால் சொந்த இன்ஜினில் ஓடி உள்ளே வருகிற வண்டிக்குத்தான் இனி இடம்.

"தள்ளிக்கொண்டு வந்தால்?" என்று நான் கேட்டேன்.

"தள்ளிக்கொண்டு வருவது கார் இல்லை, சாமான்" என்றார், அதே சிரிப்போடு. "எனக்கும் வருத்தம்தான். ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்று."

வீட்டுக்கு வந்து நான் குதித்தேன். "சாமானாம்ல சாமான்! அவங்க வீட்டு சோபாவத் தூக்கிட்டு வந்து அங்க போடுறேன், பாக்கலாம்!" அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே "அவ சொன்னது சரிதானே" என்றாள். எனக்கு இன்னும் எரிந்தது. வேறு இடம் பார்க்கலாம் என்றேன். அவள் ஏற்கெனவே ஊர் முழுக்க விசாரித்துவிட்டாள். எங்கேயும் இடம் இல்லை.

நகரின் தென்கோடியில், பியோர்ண்டாலில் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவு ஒன்றிலிருந்து வந்தவர். அவள் அவரை அண்ணை என்பாள். பழைய கார் பைத்தியம், சொந்தமாகக் கொட்டகை, இழுத்துப்போக டிரெய்லர், எல்லாம் உண்டு. வண்டியை முதன்முதலாகப் பார்த்த நாளிலிருந்தே தனக்குத் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அவரைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அண்ணை, டுக்னாட் அண்டைக்கு டிரெய்லரோடை வாங்கோ. தன்ரை பாட்டிலை ஓடி உள்ளுக்கை போனா கார் எனக்கு. போகாட்டி உங்களுக்கு."

மறுமுனையில் அவர் "பகிடியோ தங்கச்சி, விளையாடுறியே?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

"இல்லை அண்ணை. வெயிலிலையும் மழையிலையும் அது கிடந்து இரும்பெல்லாம் கறள் பிடிக்கிறதை என்னாலை பாக்க ஏலாது."

போனை மெதுவாக மேசையில் வைத்தாள். இந்தத் தடவை அது கோபம் இல்லை. இத்தனை நாள் தள்ளுவண்டி என்று கேலி செய்தவனுக்கு, அது இல்லாமல் போனால் அவள் கை என்ன செய்யும் என்ற நினைப்பே பயமாக இருந்தது.

அடுத்த நாள் அவள் வேறு மாதிரி தொடங்கினாள். இதுவரை சந்தேகப்பட்டதையெல்லாம் மாற்றியாகிவிட்டது. இனிமேல் சந்தேகப்படுவதில்லை, கார்புரேட்டரிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொன்றாக வழக்கிலிருந்து விடுவிப்பது என்றாள். ஒரு பிளாஸ்டிக் போத்தலின் அடியில் குழாய் செருகி, பெட்ரோல் ஊற்றி, முற்றத்து விளக்குக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டாள். குழாயின் மறுமுனை நேரே கார்புரேட்டருக்கு. பம்ப் இல்லை, டாங்க் இல்லை. மேலிருந்து கீழே தானாக இறங்குகிற பெட்ரோல் மட்டும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் குளுக்கோஸ் மாதிரியே இருந்தது. எனக்கு ஆச்சரியம், அவள் விரல்கள் அந்த முடிச்சை யோசிக்காமலே போட்டதுதான்.

"இத எங்க கத்துக்கிட்ட?"

"சும்மா" என்றாள்.

போத்தல் காலியாகும் வரை இன்ஜின் ஓடியது. மறுபடி நிரப்பினாள், மறுபடி ஓடியது. கார்புரேட்டர் குற்றமற்றது. அடுத்தடுத்த மாலைகளில் ரெகுலேட்டர், வடிகட்டி, அவள் பார்த்துப் பார்த்து வளைத்த குழாய், எல்லாவற்றையும் ஊதிச் சோதித்து விடுவித்தாள். டுக்னாட் அன்று காலை மிச்சம் இருந்தவை பம்பும் டாங்கும்தான். இரண்டும் அவள் கையால் பொருத்தியவை. இரண்டிலும் பிழை காண அவளால் முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் காலையில் வண்டியை வெளியே தள்ளினேன். கடைசித் தள்ளாக இருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் "வண்டியில ஏறு, ஏறு" என்று அவளை அதட்டினேன். முற்றம் முழுக்க ஆட்கள். குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கத் தூவிய சரளைக் கல்லைப் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். சமையல்காரன் என்பதால் வாஃபல் சுடும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் தன் பங்குக்குத் துடைப்பம் பிடித்து, தன் வாசல் பக்கத்தை முழுக்கப் பெருக்கி முடித்த பிறகுதான் வண்டிப் பக்கம் போனாள். மத்தியானம் பியோர்ண்டால்காரர் டிரெய்லரோடு வந்து சேர்ந்தார். பாவம், அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. ஒரு வாஃபலை வாங்கிக்கொண்டு டிரெய்லரில் சாய்ந்து நின்றார்.

அவள் டாங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, தரையில் வைத்த ஒரு பெட்ரோல் கேனுக்குள் விட்டாள். இப்போது எல்லாமே அவள் அமைத்த பாதைதான். டாங்க் மட்டும் இல்லை. இன்ஜினை எழுப்பினாள். நான் மாவை ஊற்றிக்கொண்டே காதை அங்கே வைத்திருந்தேன். ஒரு வாஃபல் வெந்தது. இன்னொன்று வெந்தது. தேநீர் ஆறும் நேரம் தாண்டியது. இன்ஜின் இருமவில்லை. அடுத்த வாஃபல் கருகியது. அதை யாருக்கும் கொடுக்காமல் நானே தின்றேன். ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் இன்ஜினை நிறுத்தினாள். குழாயை டாங்கில் பழையபடி பூட்டி, மறுபடி எழுப்பி ஓடவிட்டாள். வழக்கம்போல நின்றது. அப்போது அவள் வண்டியின் பின்பக்கம் போய், டாங்கின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். பிறகு மூடியைப் பிடித்துத் திருகினாள். அது வரவில்லை. இரண்டு கையாலும் திருகினாள்.

ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். முற்றத்துக் காற்றையெல்லாம் அந்த டாங்க் ஒரே மூச்சில் உள்ளே இழுத்த மாதிரி.

நான் கரண்டியோடு ஓடினேன். பியோர்ண்டால்காரரும் வந்தார். அவள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். டாங்கின் வாயில் ஒரு பாலிதீன் துண்டு, ரப்பர் பாண்ட் போட்டு இறுக்கி, நடுவில் குழிந்து கிண்ணம் போல உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். "ஐயோ என்ரை கடவுளே!" என்று கத்தினார். "சொப்பிங் பை! தங்கச்சி, சொப்பிங் பை கட்டி வைச்சிருக்கிறாய்!" சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு, டிரெய்லர்க்காரர் டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரிக்கத் தொடங்கினாள். சரளைக் கல்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது; அது சிரிப்புத் தண்ணீர் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"என்ன? என்னாச்சு? அது பார்ட்டு இல்லையா?" என்றேன்.

ஏனென்றால் நான் அதைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் அவள் பையிலிருந்து ஒரு பாலிதீன் துண்டை எடுப்பாள், வாயில் விரிப்பாள், ரப்பர் பாண்டைப் போடுவாள், அதற்கு மேல் மூடியைத் திருகுவாள். அமெரிக்க வண்டிக்கு அப்படித்தான் போல என்று நான் நினைத்திருந்தேன். அவளோ அதைச் செய்கிறோம் என்றே தெரியாமல் செய்திருக்கிறாள். நான் வீட்டைப் பூட்டிவிட்டுக் கதவை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேனே, அதைப் போல.

"டாங்குக்குள்ளை இருந்து பெற்றோல் போகப் போக அந்த இடத்துக்குக் காத்து வர வேணும்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "மூடியிலை அதுக்கெண்டு சின்ன ஓட்டை இருக்கு. நான் அதை அடைச்சுப் போட்டன். காத்தில்லாமல் டாங்க் பெற்றோலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கு. பம்ப் பாவம், அது என்ன செய்யும்?"

கஞ்சிச் சட்டியை மூடியோடு ஆறவிட்டால் மூடி கவ்விக்கொண்டு வராதே, அதுதான். இது எனக்குத் தெரிந்த விஷயம். ஆனால் சொப்பிங் பை, கடையில் சாமான் போட்டுத் தருகிற பாலிதீன் பை, அது ஏன்?

பியோர்ண்டால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்குத் தெரியாது தம்பி. சண்டைக் காலத்திலை எங்களுக்குப் பெற்றோல் வராது, தடை. மோட்டசைக்கிள் மண்ணெண்ணெயிலைதான் ஓடும். ஆனா ஸ்ரார்ட் பண்ணக் கொஞ்சம் பெற்றோல் வேணும். காபரேற்றருக்கு நாலு துளி விட்டு உதைச்சு, பேந்து மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. சேலைன் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு ஓடினவையும் இருக்கினம். ஒரு போத்தல் பெற்றோல் வீட்டிலை இருந்தா அதைத் தங்கம் மாதிரி வைச்சிருப்பம். மூடிக்குக் கீழை சொப்பிங் பை, மேலை ரப்பர் பாண்ட். இல்லாட்டி ஆவியாப் பறந்திடும்."

விளக்குக் கம்பத்தில் தொங்கிய போத்தல் எனக்கு நினைவுக்கு வந்தது. அவளைப் பார்த்தேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் இதில் ஒரு வார்த்தையும் எனக்குச் சொன்னதில்லை.

"எங்கடை வீட்டிலை அது அலுமாரிக்குப் பின்னாலை இருந்தது" என்றாள். "அம்மா வயித்திலை தம்பியோடை. ஆஸ்பத்திரிக்குப் போற அண்டைக்கு எண்டு வைச்ச போத்தல். அதைப் பாக்கிறது என்ரை பொறுப்பு. 'காத்துப் போகாமல் வடிவா மூடு, வடிவா மூடு' எண்டு அம்மா ஒவ்வொரு நாளும் சொல்லுவா. நான் ஒவ்வொரு நாளும் ரப்பர் பாண்டை இழுத்துப் பாப்பன். ஒரு மத்தியானம் அம்மாவுக்கு நோ வந்திட்டுது. அப்பா போத்தலைத் திறந்தார். ஒரு துளி குறையேல்லை. முதல் உதையிலையே ஸ்ரார்ட் ஆகீட்டுது."

அந்தத் தம்பி எனக்குத் தெரிந்தவன்தான். இப்போது டொராண்டோவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டு, "அத்தான், தள்ளுவண்டி ஓடுதோ?" என்று என் உயிரை எடுப்பான்.

அவள் அந்தப் பாலிதீனை மெல்ல உரித்து எடுத்து, உள்ளங்கையில் விரித்துப் பார்த்தாள். "அண்டைக்கு வடிவா மூடினபடியாலை ரெண்டு உசிர் தப்பினது. இண்டைக்கு வடிவா மூடினபடியாலைதான் இது நிண்டு நிண்டு போனது. ரெண்டும் இந்தக் கைதான்."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நான் எத்தனையோ பேரை ஏளனமாகச் சொல்லியிருக்கிறேன். அந்த வாயை அன்றைக்கு அடைத்துக்கொண்டேன். அவ்வளவு சின்னப் பெண்ணின் கையில் ஒரு வீடு அதன் உயிரைக் கொடுத்து வைத்திருந்தது. அந்தக் கை இன்னும் காவலை விடவில்லை. அவளைத் திட்டியும் கேலி செய்தும் பழகிய எனக்கு, எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல் இருந்தது. கையில் வாஃபல் கரண்டி இருந்ததால் செய்யவில்லை.

சங்கத் தலைவி கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன கோளாறு என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் ஏதாவது பாகத்தின் பெயரைச் சொல்லித் தப்பித்திருப்பார்கள். அவள் எழுந்து, பின்புறத்தில் ஒட்டிய கல்லைத் தட்டிவிட்டு, பாலிதீனை உயர்த்திக் காட்டினாள். "கோளாறு நான்தான்" என்றாள் நார்வேஜியனில். "அதை மூச்சுவிட விடாமல் அடைத்துவிட்டேன்." பிறகு, துடைப்பங்களோடு நின்ற அத்தனை பேருக்கும், போத்தலின் கதையை முதலிலிருந்து சொன்னாள். இத்தனை வருஷமும் எனக்குச் சொல்லாததை. நான் பொறாமைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கோடுகள் காய்ந்ததும் கார்கள் ஒவ்வொன்றாக உள்ளே போகத் தொடங்கின. அவள் மூடியை மட்டும் போட்டு, கை வழக்கப்படி பைக்குப் போனதும் அதைத் தானே தட்டிவிட்டு, இன்ஜினை எழுப்பினாள். முற்றத்தைச் சுற்றி ஓட்டினாள். திரும்பத் திரும்பச் சுற்றினாள். பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். நான் தேநீர் ஊற்றி, அது ஆறி, பச்சைத் தண்ணீராகவே போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பியோர்ண்டால்காரர் காலி டிரெய்லரின் கதவைச் சாத்தினார். "சனியன், வடிவா ஓடுது" என்றார். அதில் ஏமாற்றமும் இருந்தது, அதைவிடப் பெருமை நிறைய இருந்தது.

கடைசியாக அவள் கராஜ் வாசலுக்கு வந்து, ஏற்றத்தின் அடியில் ஒரு கணம் நிறுத்தினாள். இன்ஜின் நிற்கவில்லை, காத்திருந்தது. தலைவி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். வண்டி ஏற்றத்தில் ஏறத் தொடங்கியது.

எப்போது போனேன் என்று தெரியவில்லை. நான் வண்டிக்குப் பின்னால் இருந்தேன். இரண்டு கையும் தகரத்தின்மேல், தோள் தாழ்ந்து, கால் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். தகரம் என் கையை விட்டு நழுவிப் போனது. தடுமாறி முட்டியில் விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது வண்டி புதுக் கோட்டுக்குள் அழகாகப் போய் நின்றிருந்தது.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "இஞ்சாருங்கோ! விடுங்கோ, காணும், போதும்! இனித் தள்ள வேண்டாம்!"

முற்றமே சிரித்தது. நான் முட்டியைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். கை இரண்டும் இன்னும் முன்னால் நீண்டபடியே இருந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.